முப்பது வருஷத்துக்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள்?

அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் எக்ஸ்ரே, ஸ்கேன், மூன்று ஆஸ்பத்திரிகளின் சீட்டுகள். ஒரு இடத்தில், சளியில் கிருமி தெரியாமலேயே காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். இன்னொரு இடத்தில் ஆஸ்துமா என்று இன்ஹேலர். பீடி, சிகரெட் பழக்கம் இல்லை என்று எல்லாச் சீட்டிலும் இருந்தது. என்ன வேலை பார்த்தார் என்பது ஒன்றில்கூட இல்லை.

முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன். அவர் மூச்சை இழுத்து முடிக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதியில் ஒரு சத்தம். செருப்பின் வெல்க்ரோ பட்டையை மெல்லப் பிரித்தால் வருமே, அதே சத்தம். விரல் நுனிகள் உருண்டு பருத்திருந்தன.

"விவசாயம்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி என்னய்யா வேலை?"

"சிமெண்ட் ஷீட் கம்பெனியில பதினாலு வருஷம் இருந்தேன் சார். மூட்டையைப் பிரிச்சுக் கொட்டுற வேலை. பஞ்சு மாதிரி பறக்கும். அதெல்லாம் விட்டு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சே?"

ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அடியில் தழும்பு. உதரவிதானத்தின் மேல் சுண்ணாம்பு படிந்த தடிப்புகள். ஆஸ்பெஸ்டோசிஸ், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் தழும்பாகும் நோய்.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பொருத்தமான பெயர். கல்லிலிருந்து எடுக்கும் நார் அது. தீயில் எரியாது, எளிதில் மக்காது. கூரைக்கும் பிரேக்குக்கும் பாய்லருக்கும் அதைத் தேடிப் போனது இந்தக் குணத்துக்காகத்தான். நுரையீரலுக்குள் போன பிறகும் குணம் மாறுவதில்லை. உள்ளே வரும் தூசியை விழுங்கிச் செரிக்கும் செல்கள் நமக்கு உண்டு. கல்நார் இழை பல நேரம் அந்தச் செல்லைவிட நீளம். முழுதாக விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் செல் சிதைகிறது. அந்த இடம் புண்ணாகித் தழும்பாகிறது. இப்படியே வருஷக்கணக்கில் நடந்தால் நுரையீரல் விறைத்துப் போய் விரியாது. தழும்பை எடுக்க மருந்து இல்லை. அதனால்தான் வேலையை விட்ட பிறகும் நோய் நிற்பதில்லை.

அவர் கேட்ட "இருபத்தஞ்சு வருஷம் ஆச்சே" என்ற கேள்விக்கும் இதுதான் பதில். ஆஸ்பெஸ்டோசிஸ் வெளியே தெரியப் பெரும்பாலும் பத்து, இருபது வருஷமாவது ஆகும். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு இருபதிலிருந்து ஐம்பது வருஷம்கூட ஆகலாம். சிகரெட் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறும். வட அமெரிக்காவில் இன்சுலேஷன் தொழிலாளர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், இரண்டும் இல்லாதவரைவிடக் கல்நார்த் தூசி மட்டும் பட்டவருக்குச் சுமார் 5 மடங்கு, சிகரெட் மட்டும் பிடித்தவருக்கு 10 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்கு என்று வந்தது. மீசோதீலியோமாவுக்கு சிகரெட்டும் தேவையில்லை.

அந்தப் புற்றுநோயோடு ஒரு அம்மா என்னிடம் வந்திருக்கிறார். எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் கால் வைத்ததில்லை. கணவரின் வேலை உடுப்பைத் தினமும் வாசலில் உதறித் துவைத்தவர். 1960இல் வாக்னர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தென்னாப்பிரிக்காவில் 33 நோயாளிகளைப் பற்றி எழுதியபோதே இது தெரிந்துவிட்டது. அவர்களில் பலர் கல்நார்ச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் இல்லை, சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள்.

கல்நாரில் வெள்ளைக் கல்நார் என்ற வகை மட்டும் ஆபத்தில்லை என்று இன்னமும் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் உண்டாக்குவது என்றே உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. நாம் இன்னும் ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வாங்கி ஷீட் செய்துகொண்டிருக்கிறோம். எனக்கு இது தாங்க முடியாத விஷயம்.

சரி, "எங்க வீடே ஷீட் வீடுதானே டாக்டர்?" என்று கேட்பீர்கள். பயந்து இன்றைக்கே பிரிக்க வேண்டாம். உடையாத ஷீட்டில் நார் சிமெண்டுக்குள் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அறுக்கும்போதும், ஓட்டை போடும்போதும், உடைக்கும்போதும்தான் அதிகம் பறக்கிறது. கட்டிங் மிஷினை வைத்து ஷீட்டை அறுக்கும்போது எழும் வெள்ளைப் புகையைப் பார்த்திருப்பீர்கள். அறுப்பவர் மூக்கில் ஒரு துண்டு, பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகள். அந்தத் துண்டு எதையும் தடுக்காது. 2018இல் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் போனபோது, உடைந்த ஷீட்டைச் சம்மட்டியால் நொறுக்கிப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

கழற்றியே ஆகவேண்டும் என்றால் முதலில் தண்ணீர் விட்டு நன்றாக நனையுங்கள். போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்குங்கள். துகளைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பாசியைச் சுரண்ட வேண்டாம். உடைந்த துண்டை அடுப்புக்குக் காற்றுத் தடுப்பாக வைக்க வேண்டாம். பிரேக் ஷூவின் தூசியைக் காற்றடித்து ஊதும் மெக்கானிக் தம்பிகளுக்கும் இதையேதான் சொல்கிறேன், ஈரத்துணியால் துடையுங்கள்.

என்ன தொழில் என்று நோயாளியிடம் கேட்கச் சொன்னவர் இத்தாலிய மருத்துவர் ரமாசினி. முந்நூறு வருஷம் ஆகிவிட்டது. புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் நாங்கள் இன்னும் அதைக் கேட்க மறந்துவிடுகிறோம். நாங்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ஷீட் கம்பெனி, பாய்லர், கப்பல் உடைப்பு, பழைய கட்டட இடிப்பு என்று எதில் இருந்திருந்தாலும், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். சட்டப்படியும் அதற்குப் பயன் உண்டு. ஆஸ்பெஸ்டோசிஸ் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய். கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பெரியவரிடம் பழைய சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை ஏதாவது இருந்தால் எடுத்து வரச் சொன்னேன். அடுத்த முறை அட்டையைக் கொண்டுவந்தார். கூடவே, அதே இடத்தில் மூட்டை பிரித்த இரண்டு பேரையும் கூட்டிவந்திருந்தார். மூச்சு வாங்குவது வயசானதால்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் அன்றைக்கே எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தேன்.