டாபிக்: பேசுபொருளா, நிலைக்களமா?

"இன்றைக்கு என்ன டாபிக்?" என்று கேட்டால், எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பதுதான் பொருள். இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்க 'டோபோஸ்', அதாவது இடம். வாதம் கிடைக்கும் இடங்களை ஆராயும் அரிஸ்டாட்டிலின் நூலுக்கு 'டோபிகா' என்று பெயர். அந்த நூற்பெயர் வழியாகத்தான் சொல் ஆங்கிலத்துக்குப் போனது. ஆகவே முதலில் அது பேசும் பொருளைச் சுட்டவில்லை. பேச வேண்டிய காரணங்களைத் தேடிச் செல்லும் இடத்தைச் சுட்டியது.

ரோமானியர் அதை லத்தீனில் 'லோகஸ்' என்றார்கள். கி.மு. 44இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ, தன் நண்பரான சட்ட அறிஞர் டிரெபாஷியஸுக்காக அரிஸ்டாட்டில் நூலின் அதே 'டோபிகா' என்ற பெயரில் ஒரு கையேடு எழுதினார். தென் இத்தாலியில் வேலியாவிலிருந்து ரேஜியத்துக்குக் கடல்வழியே போகும்போது, கையில் நூல்கள் இல்லாமல், நினைவிலிருந்தே எழுதியது அது. லோகஸ் என்றால் வாதத்தின் இருப்பிடம் என்பது அவர் தரும் விளக்கம். வரையறை, ஒப்புமை, முரண், காரணம், விளைவு என அந்த இடங்கள் விரிகின்றன.

முரணுக்கு அவர் காட்டும் வழக்கு அருமையானது. தன் சொத்துகளின் அனுபோக உரிமையை மனைவிக்கு எழுதிவைத்துவிட்டு ஒருவன் இறந்துபோகிறான். கிடங்குகளில் மதுவும் எண்ணெயும் நிறைந்திருக்கின்றன. அவை அவளுக்குச் சேருமா? சேராது என்கிறார் சிசரோ. வீட்டையும் நிலத்தையும் எவ்வளவு அனுபவித்தாலும் அவை அப்படியே இருக்கும். மதுவும் எண்ணெயும் எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும். எழுதிவைத்தது அனுபவிக்கும் உரிமையைத்தான். தீர்த்துவிடுவது அதற்கு முரண்.

டாபிக்கைத் 'தலைப்பு' என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. தலைப்பு என்பது எழுத்தின் மேலே வைக்கும் பெயர். இன்றைய பொருளுக்குப் 'பேசுபொருள்'தான் சரி. ஆனால் சிசரோவைத் தமிழாக்குபவர் இவ்விரண்டையும் தொடவே கூடாது. அதற்கு 'நிலைக்களம்' இருக்கிறது. உவமை எங்கிருந்து பிறக்கிறது என்று சொல்லவந்த தொல்காப்பியம், சிறப்பு, நலன், காதல், வலி ஆகிய நான்கையும் நிலைக்களம் என்கிறது. வாதம் பிறக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைப் புதிதாக ஆக்கவும் முடியாது.

'லோகஸ் கம்யூனிஸ்' என்பதற்குப் 'பொது நிலைக்களம்' எனலாம். பெற்றவரைக் கொன்றவனுக்குக் கடுந்தண்டனை தகும் என்பதைப் போல, பல வழக்குகளிலும் எடுத்தாளத்தக்க வாதம் அது. அதன் நேர்பெயர்ப்பான ஆங்கிலக் 'காமன்பிளேஸ்', தேய்ந்துபோன கருத்து என்ற இழிபொருளைப் பின்னாளில்தான் பெற்றது. அந்தப் பொருளைக் கொண்டு ரோமானியக் கையேடுகளை வாசித்தால், அவர்கள் பாராட்டியதை நாம் பழிப்பாக எடுத்துக்கொள்வோம்.