ஆறின சோற்றின் கணக்கு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பிரிட்ஜைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மூடி போட்ட ஒரு டப்பா சோறு. ஆறவைத்த சோற்றில் கலோரி குறைவு என்று நம்பி, உடம்பைக் குறைக்கவென்று அக்கா நேற்று வைத்தது. அதில் ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தேன். நேற்று மத்தியானம் பஞ்சாய் மசிந்தது, இன்று விறைத்துப்போய் உடைகிறது. காய்ந்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் காற்றுப் புகாமல் மூடி வைத்தாலும் விறைக்கத்தான் செய்யும்.

காரணம் மாப்பொருள். அரிசி வேகும்போது அதன் மாப்பொருள் தண்ணீரை உறிஞ்சி, ஊதி, கட்டுக் குலைந்துவிடும். அந்தச் சூட்டோடு சாப்பிட்டால் குடலின் நொதியங்கள் சுலபமாக வெட்டிக் குளுக்கோஸாக்கிவிடும். ஆறவிட்டால், அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று முறுக்கி இறுகிக்கொள்ளும். அந்த முறுக்குக்குள் நொதியம் நுழையாது. அந்தப் பகுதி சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பக்டீரியாக்களுக்குச் சாப்பாடாகும். உதிரியாக வேகும் அரிசியில் அமைலோஸ் அதிகம், இந்த மாற்றமும் அதிகம். திரும்பச் சூடாக்கினாலும் பெரும்பகுதி குலையாது.

2015இல் இலங்கை இரசாயன மாணவர் ஒருவர் இதையே அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் சொன்னார். கொதிக்கும் தண்ணீரில் அரிசியின் எடையில் 3 சதவீதம் தேங்காய் எண்ணெய் விட்டு வேகவைத்து, 12 மணி நேரம் குளிரில் வைப்பது அவருடைய முறை. சில அரிசிகளில் கலோரி பாதிக்கு மேல் குறையக்கூடும் என்ற அவருடைய எதிர்பார்ப்பைப் பத்திரிகைகள் தலைப்பாக்கின.

எனக்கு அந்தத் தலைப்பில் நம்பிக்கையில்லை. அதே ஆண்டு இந்தோனேசியாவில் வெள்ளைச் சோற்றை அளந்தார்கள். சுடச்சுட 100 கிராமில் செரிக்காத மாப்பொருள் 0.64 கிராம்; 24 மணி நேரம் குளிரில் வைத்துச் சூடாக்கியபின் 1.65. அதாவது ஒரு கிராம்தான் கூடியது. ஒரு கிராமுக்குச் சுமார் 2 கலோரி மிச்சம் என்றால், 300 கிராம் சோற்றுக்கு 6. பிளேன்டீயில் போடும் ஒரு தேக்கரண்டி சீனியே 16 கலோரி! ஆனாலும் இரத்தத்தில் சீனி ஏறுவது மட்டுப்பட்டது. நீரிழிவுக்காரருக்கு அது சின்ன விஷயமல்ல. மெலிவதற்கோ அகப்பையைக் குறைப்பதுதான் வழி. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

சொல்லியே ஆக வேண்டியது வேறொன்று. நேற்று அவர் சோற்றை ராத்திரி வரை அடுப்படியிலேயே விட்டிருந்தார். கொதியிலும் சாகாத பக்டீரியா வித்துக்கள் அரிசியில் உண்டு. கொழும்பு வெக்கையில் அவை முளைத்து வெளிவிடும் நஞ்சு சூடாக்கினாலும் போகாது. தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைக்க வேண்டும்.