கழிவுநீர் நின்ற பிறகும் ஏரி பச்சையாவது ஏன்?

ஏரிப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றில் உறுப்பினராக உள்ள வாசகர் கேட்டிருக்கிறார்: “ஏரிக்குள் வந்த கழிவுநீர்க் குழாய்களை அடைத்தாயிற்று, கரையில் மரங்கள் வைத்தாயிற்று, படகில் போய்க் குப்பையும் அள்ளுகிறோம்; ஆனாலும் கோடை முற்றினால் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது, நீந்தவும் முடிவதில்லை. யாரோ இரவில் கழிவைக் கொட்டுகிறார்கள் என்கிறார்கள் சங்கத்தில் பலர். உண்மையா?” அப்படி யாரும் கொட்டக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை, ஆனால் ஒருவரும் கொட்டாமலேயே இது நடக்கும். பாசிக்கு வேண்டிய உரத்தை ஏரியின் அடிச்சேறே கொடுக்கிறது.

பாசி வளர ஒளியும் கார்பனும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். கார்பன் காற்றிலிருந்து நீரில் கரைந்துவிடும். நைட்ரஜனையும் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை. மிதவைப் பாசியின் உடலில் சராசரியாக 106 கார்பன் அணுக்களுக்கு ஒரே ஒரு பாஸ்பரஸ் அணுதான் இருக்கிறது என்பதால், அது சிறிதளவு கூடினாலும் விளைச்சல் பல மடங்காகிறது. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியை நடுவில் திரை கட்டிப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனையும் நைட்ரஜனையும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பச்சையானது. ஏரிகளையே ஆய்வுக்கூடமாக்கிய, 1968-இல் தொடங்கிய அந்த ஆய்வுப் பகுதிக்கான நிதியை நிறுத்தப்போவதாகக் கனடா அரசு 2012-இல் அறிவித்தது. 2014-இல் வேறொரு நிறுவனம் பொறுப்பேற்றதால் அது பிழைத்தது. ஏரியின் நடத்தை பல்லாண்டு அளவீட்டில்தான் பிடிபடும். ஆண்டுக் கணக்கு முடிந்ததும் நிதியை வெட்டும் பழக்கத்தைப்போல் இத்துறைக்குக் கேடு செய்வது வேறெதுவும் இல்லை என்பது என் கருத்து.

இனி சேற்றுக்கு வருவோம். கழிவு வந்த காலத்தில் செழித்த பாசி செத்து அடியில் படியும்போது, அதிலிருந்த பாஸ்பரஸும் கூடவே புதைகிறது. ஆக்சிஜன் உள்ள நீருக்கடியில் சேற்றின் மேற்பரப்பு, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பழுப்புத் தோலாக இருக்கும். அதற்குக் கீழே கறுப்பு. அந்தப் பழுப்பு, இரும்புத் துரு. துருவிலுள்ள ஃபெரிக் இரும்பு, பாஸ்பரஸ் நீரில் கரைந்திருக்கும் வடிவமான பாஸ்பேட்டைத் தன் மேற்பரப்பில் பற்றிக்கொள்வதால், கீழிருந்து கசிந்து வருவது அந்தத் தோலைத் தாண்டுவதில்லை.

கோடையில் மேல்நீர் சூடாகி லேசாகிறது. கீழே குளிர்ந்த கனமான நீர் தங்கிவிடுகிறது. இரண்டும் கலக்காதபோது கீழடுக்குக்குக் காற்றின் தொடர்பு அறுந்துபோகிறது. செத்த பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அங்கிருந்த ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. அடுத்து நைட்ரேட்டைத் தீர்க்கின்றன. அதன்பின் துருவையே சுவாசிக்கத் தொடங்குகின்றன! நாம் ஆக்சிஜனிடம் தள்ளிவிடும் எலக்ட்ரான்களை அவை ஃபெரிக் இரும்பிடம் தள்ளிவிடுகின்றன. எலக்ட்ரானைப் பெற்ற இரும்பு ஃபெரஸாக மாறி நீரில் கரைகிறது. துரு கரைந்ததும் அதைப் பற்றியிருந்த பாஸ்பேட்டும் நீருக்குள் விடுபடுகிறது. இந்த விடுவிப்பை ஏரி ஆய்வாளர் கிளிஃபர்ட் மார்ட்டிமர் 1941–42-இல் வெளியிட்ட கட்டுரைகளில் விரிவாகக் காட்டினார். இரும்பைச் சுவாசிக்கும் ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா 1987-இல்தான் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

இதை ஒரு கண்ணாடிக் குப்பியிலேயே பார்க்கலாம். ஆக்சிஜன் தீர்ந்த அடிநீரை முகந்து மேலே கொண்டுவந்தால் முதலில் தெளிவாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் மெல்ல மஞ்சளாகிக் கலங்கி, பின்பு செம்பழுப்புத் துகள்கள் அடியில் இறங்கும். அந்தத் துகள்கள் பாஸ்பேட்டை மறுபடியும் பிடித்துக்கொண்டுதான் இறங்குகின்றன. குளிர்காலம் நெருங்கி ஏரி மேலும் கீழுமாகப் புரளும்போதும் இதுவே நிகழ்கிறது. ஒரு பகுதி பாஸ்பேட் சேற்றுக்குத் திரும்புகிறது, மறு பகுதியைப் பாசி முந்திக்கொள்கிறது. அடிநீரில் அழுகிய முட்டை நாற்றம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஹைட்ரஜன் சல்பைடு இரும்பைக் கறுப்புச் சல்பைடாக்கிப் புதைத்துவிடுவதால், பாஸ்பேட்டைப் பிடிக்கத் துருவே மிஞ்சாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியில் 1968-க்குள் கழிவுநீரைத் திருப்பியதும் சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்ததற்கும், மினசோட்டாவின் ஷகாவா ஏரியில் 1973-இல் பாஸ்பரஸை நீக்கும் நிலையம் வந்த பின்பும் கோடைப் பாசி தொடர்ந்ததற்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. முன்னது ஆழமானது, அதன் அடிநீரில் ஆக்சிஜன் தாக்குப்பிடித்தது. பின்னதில் சேறு ஒவ்வொரு கோடையிலும் பழைய பாஸ்பரஸைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் “நல்ல நுண்ணுயிர்” உருண்டைகளை விற்பவர்கள் சங்கத்தைத் தேடி வருவார்கள். பாஸ்பரஸ் ஒரு தனிமம். அதைத் தின்று இல்லாமல் ஆக்கும் நுண்ணுயிர் உலகில் கிடையாது. அந்த உருண்டைகளை ஏரியில் எறிவது, கரிமப் பொருளைக் கூட்டி ஆக்சிஜனைக் குறைக்கும் வேலையாகவே முடியக்கூடும். அலுமினியம் சல்பேட் வேறு வகை: அதிலிருந்து உருவாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடும் பாஸ்பேட்டைப் பற்றும், ஆனால் ஆக்சிஜன் தீர்ந்தாலும் இரும்பைப்போல் கரைந்து கைவிடாது. நீரின் பிஎச் அளவு 6-க்குக் கீழே போனால் கரையும் அலுமினியம் மீன்களைக் கொன்றுவிடும் என்பதால், வல்லுநர் கணக்கிட்டுத்தான் அதைப் போட வேண்டும். வெளியிலிருந்து கழிவு இன்னும் வந்துகொண்டிருந்தால் புதிய வண்டல் மேலே படிந்து, செலவு வீணாகும்.

வழக்கமாகச் சங்கங்கள் இறக்கிப் பார்க்கும் 20 செ.மீ. செக்கி வட்டு, நீர் எவ்வளவு தெளிவு என்று சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இரவில் காவலுக்கு ஆள் போடுவதற்கு முன்பு, ஏரியின் ஆழமான இடத்தில் ஆக்சிஜன் மானியை மீட்டருக்கு மீட்டர் இறக்கி அளந்து, மேல்நீர், அடிநீர் இரண்டிலும் பாஸ்பேட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அடிநீர் மாதிரியைக் காற்றுப் படாமல் படகிலேயே உடனே வடிகட்டிவிட வேண்டும். கரைக்கு வந்து வடிகட்டினால், அதற்குள் குப்பியில் உருவாகும் துரு பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு, அறிக்கையில் அளவைக் குறைத்துக் காட்டும்.