நெற்றியைச் சுருக்கிக் காட்டுங்கள்

வாய் கோணிப்போய் வருபவரிடம் நான் முதலில் சொல்வது, "புருவத்தை உயர்த்துங்கள்" என்பதுதான். வாயைக் காட்ட வந்தால் இவர் நெற்றியைப் பார்க்கிறாரே என்று உடன் வந்தவர் முறைப்பார்.

மூளையோடு நேரடியாக இணைந்த கபால நரம்புகள் 12 ஜோடி. முகத்தசைகளை அசைப்பது ஏழாவது. நெற்றித் தசைக்கு மட்டும் மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. பக்கவாதத்தில் ஒரு பாதி பழுதானால் மறுபாதி கைகொடுக்கும். வாய் இழுத்துக்கொண்டாலும் நெற்றி சுருங்கும். நரம்பே பழுதானால் நெற்றி மழமழவென்று நிற்கும், கண்ணும் மூடாது. பெல்ஸ் பால்சி என்கிற முகவாதம் இந்த இரண்டாம் வகை.

இதை வீட்டில் செய்து பார்த்துவிட்டு "வெறும் நரம்புதான்" என்று படுத்துவிடாதீர்கள். நரம்பு புறப்படும் மூளைத்தண்டிலேயே பக்கவாதம் வந்தால் அப்போதும் நெற்றி சுருங்காது. முகம் திடீரெனக் கோணினால் நேரே மருத்துவமனைதான்.

ஏழாவது நரம்பு காதையொட்டிய எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியே வருகிறது. வீங்கினால் விலக இடமில்லை, நசுங்கிவிடும். "காலையில் வாய் கொப்பளித்தேன், தண்ணீர் ஒரு ஓரமாக வழிந்தது" என்றுதான் பலரும் தொடங்குவார்கள். நாக்கின் முன்பக்கம் ஒரு பாதி ருசி இழந்ததையும், அந்தப் பக்கக் காதில் சிறு சத்தமும் பெரிதாகக் கேட்பதையும் நானாகக் கேட்டால்தான் சொல்வார்கள். முன்நாக்கின் ருசியைக் கொண்டுபோவதும், காதுக்குள் ஒரு குட்டித் தசையை இழுத்து ஒலியை மட்டுப்படுத்துவதும் இதே நரம்புதான்.

ஸ்டீராய்டு மாத்திரையை 3 நாட்களுக்குள் தொடங்கினால் பலன் கூடுதல். ஆனால் என் கவலையெல்லாம் கண்ணைப் பற்றித்தான். மூடாத கண்ணில் கருவிழி உலர்ந்து புண்ணாகும். பகலில் சொட்டு மருந்து. இரவில் களிம்பு போட்டு, இமையை மூடி ஒட்ட வேண்டும். முகம் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். கருவிழியில் விழுந்த தழும்பு அப்படி மறையாது.

ஐந்தாவது நரம்பு முகத்தின் உணர்ச்சிக்கு. அது எரிச்சலுற்றால் மின்சாரம் பாய்ந்ததுபோல் தாடையில் வெட்டும். சொத்தைப் பல் என்று எண்ணி நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

இன்னொரு குழப்பம். கண்ணை மூடுவது ஏழாவது, இமையைத் தூக்குவது மூன்றாவது. திடீரென இமை தொங்கி, கண்மணி விரிந்து, தலைவலியும் சேர்ந்தால் மூளை ரத்தக்குழாயில் உண்டான வீக்கம் மூன்றாவது நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நோயாளி மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.