குளுக்கோஸ் பாட்டிலும் தடைப் பட்டியலில் உண்டு: விளையாட்டு வீரர்கள் அறிய வேண்டிய ஊக்கமருந்து விதிகள்

வெயிலில் ஓடிக் களைத்த வீரரைப் பக்கத்துக் கிளினிக்கில் படுக்க வைத்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடப்பது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான 'வாடா' வெளியிடும் பட்டியலின்படி அது தடை செய்யப்பட்ட முறையாகும். 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் எதை நரம்பு வழியே ஏற்றினாலும், அது வெறும் குளுக்கோஸாகவே இருந்தாலும், விதிமீறல்தான். வழக்கமான பாட்டிலோ 500 மில்லிலிட்டர். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றின்போது முறையாக ஏற்றப்படுவதற்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படும் இந்தப் பட்டியலை இந்தியாவில் செயல்படுத்துவது தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான 'நாடா'. அதன் அதிகாரங்களை 2022ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. உடலுக்குள் சென்ற எதற்கும் வீரரே பொறுப்பு என்பது விதிகளின் அடிப்படை என்பதால், பயிற்சியாளர் கொடுத்தார், கடைக்காரர் கொடுத்தார் என்ற விளக்கம் தண்டனைக் காலத்தைக் குறைக்க உதவலாமே தவிர, குற்றத்தை நீக்காது.

ரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு, சில இருமல் மருந்துகளில் உள்ள டெர்பியூட்டலின், சர்க்கரை நோயாளிக்கான இன்சுலின் ஆகியவை எக்காலத்திலும் தடைக்குரியவை. வலி நிவாரணியான டிராமடால் 2024 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டுள்ளது. போட்டிக் காலம் என்பது பொதுவாக முந்தைய நாள் இரவு 11.59 மணிக்கே தொடங்கிவிடும். காபிக்குத் தடையில்லை.

நோய்க்கு இத்தகைய மருந்து தேவைப்படுபவர், போட்டிக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் மருத்துவ ஆவணங்களுடன் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு கோரி விண்ணப்பிக்க வேண்டும். மருந்துச் சீட்டு மட்டும் போதாது. மாற்று மருந்து ஏன் பயன்படவில்லை என்பதையும் மருத்துவர் விளக்க வேண்டும். அவசரச் சிகிச்சையாக இருந்தால் பின்னரும் விண்ணப்பிக்கலாம்.

சோதனைக்குக் குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் பெறப்பட்டு ஏ, பி என இரு பாட்டில்களில் முத்திரையிடப்படுகிறது. ஏ மாதிரியில் தடைப்பொருள் தென்பட்டால், பி மாதிரியையும் சோதிக்கக் கோரும் உரிமை வீரருக்கு உண்டு. தகுந்த காரணமின்றி மாதிரி தர மறுத்தால் 4 ஆண்டுகள் வரை தடை வரலாம். கடைசி 7 நாட்களில் உட்கொண்ட மருந்துகளையும் சத்துப் பொடிகளையும் சோதனைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும்; எழுதிவிட்டதாலேயே விலக்குக் கிடைத்துவிடாது.