ஜிபுன்: வாக்கியம் யார் கண்ணால் பார்க்கிறது?

"தாரோ ஹனகோவுக்கு ஜிபுன் போட்டோவைக் காட்டினான்." போட்டோவில் இருப்பது தாரோ. ஜப்பானிய 'ஜிபுன்' நம்முடைய 'தான்' போல எழுவாயைத் தேடிப் பிடிக்கும். இரண்டு எழுவாய் இருந்தால்? "ஹனகோ ஜிபுனைத் திட்டினாள் என்று தாரோ சொன்னான்" என்பதில் திட்டு வாங்கியது தாரோவாகவும் இருக்கலாம், ஹனகோவாகவும் இருக்கலாம். தமிழில் 'திட்டினாள்', 'திட்டிக்கொண்டாள்' என்று வினையே பிரித்துக் காட்டிவிடும். ஜப்பானியத்துக்கு அந்த வசதி இல்லை.

எழுவாய் விதி மட்டும் போதாது என்பதை 1970களில் மொழியியலாளர் சுசுமு குனோ காட்டினார். "ஜிபுன் இறந்தபோது தாரோவிடம் ஒரு காசுகூட இல்லை" என்பது ஜப்பானியர் காதுக்கு உறுத்தும். ஜிபுன் வந்தால் அந்த நிகழ்ச்சியைத் தாரோ உணர்ந்திருக்க வேண்டும். இறந்தவன் எப்படி உணர்வான்? 'ஜிபுன்' என்பதை எடுத்துவிட்டு வெறுமனே "இறந்தபோது" என்றால் வாக்கியம் சரியாகிவிடும்.

கொடுக்கல் வாங்கலில் சிக்கல் இன்னும் கூடும். ஜப்பானியத்தில் 'குரெரு' என்றால் பேசுபவர் பெறுபவர் பக்கம் நின்று 'கொடுத்தார்' என்கிறார். 'யாரு' என்றால் கொடுப்பவர் பக்கம். ('தா', 'வா' என்ற வினைகள் தன்மை, முன்னிலைக்கு, 'செல்', 'கொடு' என்பவை படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் பிரிப்பதற்கு இது தூரத்துச் சொந்தம். ஆனால் பெறுபவர் படர்க்கையாக இருந்தாலும், பேசுபவர் அவர் பக்கம் நின்றால் குரெரு வரும்.) "ஹனகோ ஜிபுனுக்குக் கடன் கொடுத்த பணத்தைத் தாரோ செலவழித்துவிட்டான்": இங்கே கடன் கொடுத்ததோடு 'குரெரு' துணைவினையாகச் சேர்ந்தால் பொருந்தும். 'யாரு' சேர்ந்தால், ஜிபுன் தாரோ பக்கம் இழுக்க, வினை ஹனகோ பக்கம் இழுக்கும். ஒரே துணைவாக்கியத்துக்கு இரண்டு கண் ஆகாது.

அதே இடத்தில் ஹனகோவை எடுத்துவிட்டு 'நான்' போட்டுப் பாருங்கள்: "நான் ஜிபுனுக்குக் கடன் கொடுத்த பணத்தைத் தாரோ தொலைத்துவிட்டானாம்." தவறு. பேசுபவர் தன் பார்வையை விட்டுக்கொடுத்து, தன்னைவிட இன்னொருவர் பக்கம் சாய முடியாது. ஆனால் "நான் ஜிபுனை வெறுக்கிறேன் என்று தாரோ நினைத்துக்கொண்டிருக்கிறான்" என்பது சரி ('நான்' பேசுபவர், ஜிபுன் தாரோ)! உள்ளே இருப்பது தாரோவின் நினைப்பு. அங்கே ஜிபுன் அவன் மனதுக்குள் ஓடும் 'நான்'. சொன்னான், நினைத்தான் போன்ற வினைகளுக்குள் வரும் ஜிபுன் வேறு, அவற்றுக்கு வெளியே வருவது வேறு என்று குனோ பிரித்தது இதனால்தான்.

ஜப்பானியம் படிக்கும் தமிழர் 'தான்' வரும் இடத்திலெல்லாம் ஜிபுனைப் போடுவது பழக்கதோஷம். முக்கால்வாசி சரியாகவே அமையும். மாட்டிக்கொள்ளும் இடத்தில் 'கரெ' (அவன்) போடலாம், அல்லது சொல்லையே விட்டுவிடலாம்; ஜப்பானியர் பெரும்பாலும் செய்வது இரண்டாவதைத்தான்.