குழாயைக் குறை சொல்லாதீர்கள், மூட்டைப் பாருங்கள்

"பாரம் ஏற்றியதும் மாதிரிப் பாலம் உடைந்துவிட்டது, எந்தக் குழாய் சரியில்லை என்று பாருங்கள்" என்று தூக்கிக்கொண்டு வருபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நேற்று வந்ததும் அதே கதைதான். காகிதக் குழாய் ஒன்றுகூட மடங்கவில்லை. குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுதான் பிய்ந்திருந்தது, அந்த இடத்தில் நெல்லிக்காய் பருமனுக்கு குளூ கன் பசை, அதன் அடியில் குழாயின் மேல்சுற்றுக் காகிதம் மட்டும் உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது பசை விடவில்லை, அது பிடித்திருந்த ஒரு சுற்றுக் காகிதம்தான் கழன்று வந்தது. அதன்மேல் இன்னும் எவ்வளவு கொட்டினாலும் அதே சுற்றுதான் உரியும்.

பசை கூடினால் பலம் கூடும் என்ற நம்பிக்கை எங்கிருந்துதான் வருகிறதோ! கூட வேண்டியது ஒட்டும் பரப்பு. வெளிவிட்டம் 8 மி.மீ., உள்விட்டம் 6 மி.மீ. உள்ள இரண்டு குழாய்களை முனையோடு முனை ஒட்டினால் கிடைப்பது சுமார் 22 சதுர மி.மீ. அதே குழாய்களுக்குள் ஒரு குச்சியைப் பக்கத்துக்கு 12 மி.மீ. நுழைத்து ஒட்டினால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 226 சதுர மி.மீ. பத்து மடங்கு, அதுவும் மெல்லிய பூச்சில். குச்சி உள்ளே லொடலொடவென்று ஆடினால் இந்தக் கணக்கு செல்லாது, காகிதம் சுற்றி இறுக்கிக்கொள்ளுங்கள்.

சாய்வாக வந்து சேரும் குழாய் என்றால், மற்றக் குழாயின் வளைவுக்குப் பொருந்த முனையைக் குடைந்து, இருபுறமும் அட்டைத் தகடு ஒட்டுங்கள். மையக்கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கட்டும். (எங்கள் கட்டுமானத் தொழிலிலும் உத்திரம், தூண் போன்ற உறுப்புகளைக் கணக்கிட்டு முடித்த பிறகு, மூட்டுகளில்தான் உண்மையான தலைவலி ஆரம்பிக்கும்.) முனையை நசுக்கி போல்ட் மாட்டுவதும் தப்பில்லை, ஓட்டை மட்டும் விளிம்பை ஒட்டி வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஸ்ட்ராவில் வெள்ளைப் பசை பிடிக்கவே பிடிக்காது, அங்கே ஒன்றுக்குள் ஒன்றை இறுக்கமாகச் செருகும் மூட்டுதான்.

முழு மாதிரியையும் கட்டிவிட்டுச் சோதிக்காதீர்கள், தயவுசெய்து. ஒரே ஒரு மூட்டைச் செய்யுங்கள், வெள்ளைப் பசையென்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள், அப்புறம் இழுத்தும் அழுத்தியும் வளைத்தும் பாருங்கள். அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பசையையும் நீளத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

பாரம் ஏற்றும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், முகத்தை அருகில் கொண்டுபோய் எட்டிப் பார்க்காதீர்கள். சூப்பர் குளூவைப் பருத்திக் கையுறையோடு தொடவே தொடாதீர்கள்: பருத்தியில் பட்டால் அது சட்டென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.